ஜெபிக்க நேரம் தருவது யார்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ஜெபிக்க நேரம் கிடைக்கவில்லை, என்ன செய்வது? ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வீட்டு விஷயங்களை மனம்விட்டு எழுதியிருக்கிறீர்கள். எனவே பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

*

அம்மா, தோத்திரம். எனக்கு 34 வயது. கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். நாலரைக்கு எழுந்தால்தான் டிபன், மதியச் சாப்பாடு முடித்து, பெரியவனை வேனில் ஏற்றி, சின்னவளை மாமியாரிடம் விட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க முடியும். என் வீட்டுக்காரர் 5 மணிக்கு எழுந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு 6 மணி வரை ஜெபிப்பார். நல்ல மனிதர், குறை சொல்லவில்லை. அந்த நேரத்தில் பிள்ளை அழுதாலும் வெளியே வரமாட்டார். போன ஞாயிறு பிரசங்கத்தில், "24 மணி நேரத்தில் ஒரு மணி நேரம் ஆண்டவருக்குக் கொடுக்க முடியாதா?" என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் எங்கே போய் நேரம் எடுக்க?
— வாசகி, ஆவடி

மகளே, அந்த அழுகையை முதலில் துடைத்துக்கொள். ஆண்டவர் உன்மேல் வருத்தமாக இருக்கிறார் என்று நினைக்க உன் கடிதத்தில் ஒன்றுமே இல்லை.

நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றது. பிள்ளை அழுதாலும் அவர் வெளியே வரமாட்டார். அவரால் அப்படிக் கதவைச் சாத்திக்கொள்ள முடிகிறதே, எப்படி? கதவுக்கு வெளியே நீ நிற்பதால். அழுகிற பிள்ளையைத் தூக்குவது நீ. பால் பொங்காமல் பார்ப்பது நீ. மோட்டார் போட்டுவிட்டு, தொட்டி நிரம்பியதும் ஓடிப்போய் நிறுத்துவதும் நீயாகத்தான் இருக்கும். அவருடைய அந்த ஒரு மணி நேரத்தை அவருக்கு எடுத்துக் கொடுத்திருப்பது நீ. "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" ஜெபம்பண்ணு என்று ஆண்டவர் சொன்னது வீட்டில் ஒருவருக்கு மட்டும் சொன்னதல்ல.

என் வீட்டுக்காரர் ஐயராக, அதாவது சபைப் போதகராக, இருந்த காலத்தில் சேகரம் சேகரமாக (ஒரு போதகரின் பொறுப்பில் இருக்கும் சபைகள்) மாறிப் போயிருக்கிறோம். எத்தனையோ வீட்டு அடுக்களைகளில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். ஜெபிக்க நேரமில்லை என்று கண்ணைக் கசக்கிய பெண்களிடம் ஆண்டவர்மேல் ஆசை குறைந்திருந்து நான் பார்த்தது மிக அபூர்வம். அந்த வீடுகளில் குறைந்திருந்தது இன்னொரு ஜோடிக் கை. ஜெப நேரத்தை ஒருவர் தன் வைராக்கியத்தால் மட்டும் உண்டாக்கிவிட முடியாது. ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். பிரசங்க பீடத்தில் இதை யாராவது சத்தமாகச் சொல்ல மாட்டார்களா என்று பல ஞாயிற்றுக்கிழமைகள் ஏங்கியிருக்கிறேன்.

சரி, இனி வரும் பாராவை உன் வீட்டுக்காரரிடம் வாசிக்கக் கொடு.

தம்பி, நீங்கள் அதிகாலையில் எழுந்து ஜெபிப்பதற்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம். இத்தனை ஒழுங்கு இந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு வரும்? ஒன்று மட்டும் மாற்றுங்கள். 5 மணியிலிருந்து ஐந்தரை வரை அறை உங்களுக்கு. ஐந்தரைக்கு வெளியே வந்து அடுப்பைப் பாருங்கள், தேங்காய் துருவுங்கள், டிபன் பாக்ஸைக் கட்டுங்கள், சின்னவள் எழுந்தால் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தரையிலிருந்து 6 வரை அதே அறையும் அதே கதவும் உங்கள் மனைவிக்கு. ஜெபம் பாதியாகக் குறைந்துவிட்டதே என்று சஞ்சலப்பட வேண்டாம். 1 பேதுரு 3:7-ஐத் திறந்து பாருங்கள். மனைவிக்குச் "செய்யவேண்டிய கனத்தைச் செய்யுங்கள்" என்று புருஷர்களுக்குச் சொல்லும் அப்போஸ்தலன், காரணத்தையும் கூடவே சொல்கிறான்: "உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு." அடுக்களையில் நீங்கள் நிற்கும் அந்த அரை மணி நேரம் உங்கள் ஜெபத்துக்குத் தடை நீங்குகிற நேரம்.

இனி உனக்கு, மகளே. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் அம்மா சூசன்னா வெஸ்லியைப் பற்றிப் பிரசங்கங்களில் கேட்டிருப்பாய். 19 பிள்ளைகளைப் பெற்றவர். அவர்களில் பாதிப் பேர்தான் பிழைத்தார்கள். வீட்டுச் சந்தடிக்கு நடுவே ஏப்ரனைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டு ஜெபிப்பார் என்று சொல்லுவார்கள். அந்தக் கதையை உன்னைப்போன்றவர்களிடம் சொல்லிவிட்டு, "அவரால் முடிந்தது, உன்னால் முடியாதா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவர் கணவர் குருவாக இருந்த எப்வொர்த் ஊரின் குருமனையில் வேலையாட்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் அல்லவா? சூசன்னா அம்மாவின் பெருமை எனக்குத் தெரிவது வேறு இடத்தில். 1712-இல் அவர் கணவருக்கு எழுதிய ஒரு கடிதத்தில், ஒவ்வொரு பிள்ளையோடும் வாரத்தில் ஒரு மாலை தனியாக உட்கார்ந்து ஆத்துமாவைப் பற்றிப் பேசுவதாக எழுதியிருக்கிறார். ஜானுக்கு வியாழக்கிழமை, சார்ல்ஸுக்குச் சனிக்கிழமை. ஜான் வெஸ்லி வளர்ந்து ஆக்ஸ்போர்டில் பெரிய ஆளான பிறகும், அந்த வியாழக்கிழமை மாலையில் கொஞ்சம் தனக்காக ஒதுக்கும்படி அம்மாவுக்கு எழுதினார். ஒருவர் இன்னொருவருக்கு எடுத்துக் கொடுத்த நேரம் எத்தனை வருஷம் நிற்கிறது, பார்.

அப்புறம் உன் ரயில். ஆவடியில் ஏறியதும் போனைப் பைக்குள் போட்டுவிடு. உட்கார இடம் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டே. அன்னனூர் வரும்வரை பெரியவனுக்காக. திருமுல்லைவாயல் வரும்வரை சின்னவளுக்காக. அம்பத்தூர் வரை வீட்டுக்காரருக்காக. பட்டரவாக்கம் வரை மாமியாருக்காக. கொரட்டூர் வரை ஆபீசில் உன்னைப் படுத்துகிற அந்த ஆளுக்காக (இருப்பார், எல்லா ஆபீசிலும் இருக்கிறார்). வில்லிவாக்கம் தாண்டினால் நீ எதற்காகவேனும் ஜெபிக்கலாம், சும்மாவும் இருக்கலாம். 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புரோபா என்ற ரோமாபுரி விதவை, எப்படி ஜெபிப்பது என்று ஆயர் அகஸ்டினுக்கு எழுதிக் கேட்டார். அவர் எழுதிய பதிலில் எகிப்துச் சகோதரர்களைப் பற்றி ஒரு செய்தி வருகிறது: அவர்கள் அடிக்கடி ஜெபிப்பார்கள், ஆனால் ஒவ்வொன்றும் மிகச் சின்ன ஜெபம், சட்டென்று எய்துவிடுகிற மாதிரி. நீண்ட ஜெபத்தில் மனம் களைத்து மந்தமாகிவிடும் என்ற பயம் அவர்களுக்கு. இரண்டு ஸ்டேஷனுக்கு இடையில் இருக்கும் தூரம் அந்த ஜெபத்துக்குத் தாராளமாகப் போதும்.

ரயில்தான் இருக்கிறதே என்று அந்த அரை மணி நேரக் கதவை மட்டும் விட்டுக்கொடுத்துவிடாதே. அது உனக்கு உரியது.

*

எங்கள் வீட்டில் இரவு 9 மணிக்குக் குடும்ப ஜெபம் வைக்கிறேன். கல்லூரியில் படிக்கிற மகன் செல்போனோடு வந்து உட்காருகிறான். மகள் தூங்கி விழுகிறாள். மனைவி பாதியில்தான் வருவாள். நான் ஒரு அதிகாரம் வாசித்து, ஜெபித்து முடிக்க 40 நிமிடம் ஆகும். எங்கள் அப்பா காலத்தில் இப்படியா இருந்தது? இவர்களை எப்படி ஒழுங்குக்குக் கொண்டுவருவது?
— வாசகர், மார்த்தாண்டம்

ஐயா, குடும்ப ஜெபத்தை விடாமல் வைத்திருக்கிறீர்களே, அதற்கே உங்களை வாழ்த்த வேண்டும். விட்டுவிட்ட வீடுகள்தான் இப்போது அதிகம். ஆனால் 40 நிமிடமும் நீங்களே வாசித்து நீங்களே ஜெபித்தால், மற்ற மூன்று பேருக்கும் அங்கே என்ன வேலை?

எங்கள் அப்பா நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமத்தில் உபதேசியார் (போதகருக்குக் கீழ் கிராமச் சபையைக் கவனிப்பவர்). சாயங்காலம் கோயில் மணி அடித்து, வந்திருக்கிற நாலு பேரோடு ஜெபம் முடித்துவிட்டு வீட்டுக்கு வருவார். பாய் விரித்து, அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்து நாங்கள் உட்காருவோம். ஆனால் பாட்டு ஆரம்பிக்காது. அம்மா அடுப்பிலிருந்து விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்து, குழம்புச் சட்டியை மூடி வைத்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்காரும்வரை அப்பா வாயைத் திறக்கமாட்டார். எங்களுக்குப் பசியாக இருக்கும். ஒருநாள் தம்பி, "அம்மா பிறகு வரட்டும், நாம ஆரம்பிப்போம்" என்று சொன்னதற்கு, "உங்க அம்மா வராம இது குடும்ப ஜெபமா?" என்றார். அப்புறம் அவரே எழுந்துபோய் அம்மாவுக்குத் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துக் கொடுத்தார். எங்களுக்கு இது பழகிப்போனது. மற்ற வீடுகளைப் பார்த்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்தது.

பாட்டு ஒன்று. அதுவும் இரண்டு சரணம்தான். வேதத்தில் பத்துப் பதினைந்து வசனம், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பிள்ளை வாசிக்கும். பிறகு "இன்னைக்கு என்ன சொல்லணும் ஆண்டவர்கிட்ட?" என்று அப்பா வரிசையாகக் கேட்பார். கணக்குப் பரீட்சை, காலில் குத்திய முள், காணாமல்போன ஆட்டுக்குட்டி, எல்லாம் அங்கே வரும். ஒன்றையும் சின்ன விஷயம் என்று தள்ளமாட்டார். கடைசியில் அவர் ஜெபிக்கும்போது நாங்கள் சொன்ன அத்தனையும் அதில் இருக்கும், ஆட்டுக்குட்டி உட்பட. கர்த்தருடைய ஜெபம், ஆசீர்வாதம், முடிந்தது. தூங்கி விழுவதற்கு எங்களுக்கு நேரமே இருந்ததில்லை.

6-ஆம் நூற்றாண்டில் துறவி பெனடிக்ட் தம் மடத்துக்கு எழுதிய ஒழுங்கில், கூடி ஜெபிக்கும்போது ஜெபம் சுருக்கமாகவே இருக்கட்டும் என்று விதித்தார். ஜெபமே வாழ்க்கையாக இருந்தவர்களுக்கே அந்த விதி. நீங்கள் நீண்ட நேரம் ஜெபிக்க விரும்பினால் தாராளமாகத் தனியாக ஜெபியுங்கள். பிள்ளைகளோடு பத்து நிமிடம் போதும்.

ஒரு மாதத்துக்கு இப்படிச் செய்து பாருங்கள். 9 மணியை எட்டாக்குங்கள். சாப்பாட்டுக்கு முன் வைத்தால் யாரும் தூங்கமாட்டார்கள். எல்லாருடைய செல்போனும், உங்களுடையதும் சேர்த்து, வேறு அறையில் இருக்கட்டும். மகனை ஜெபிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள், வாசிக்கச் சொல்லுங்கள். மனைவி ஏன் பாதியில் வருகிறார் என்று அவரிடம் கேட்டதுண்டா? 9 மணிக்கு அடுக்களையில் என்ன நடக்கிறது என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். பாத்திரத்தை நீங்களும் பிள்ளைகளும் கழுவி வைத்துவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு வந்து உட்காருங்கள்.

*

நான் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி, இரவு 8 முதல் காலை 8 வரை. அதிகாலை ஜெபம்தான் விசேஷம் என்கிறார்கள். அதிகாலையில் நான் வார்டில் பி.பி. பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்றால் அப்படியே கட்டிலில் தலை சாய்ந்து தூங்கிவிடுகிறேன். குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.
— வாசகி, வேலூர்

134-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பார், மகளே. மூன்றே வசனம். "இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் கர்த்தரின் ஊழியக்காரரே" என்று ஆரம்பிக்கிறது. ஊரெல்லாம் தூங்கும்போது முறைபோட்டு விழித்திருந்தவர்களுக்கென்றே ஒரு சங்கீதம் எழுதி வைத்திருக்கிறது. டியூட்டிக்குக் கிளம்பும்போது அதைச் சொல்லிவிட்டுக் கிளம்பு.

ஆண்டவர் அதிகாலையில் இருட்டோடே எழுந்துபோய் ஜெபித்தார் என்று மாற்கு 1:35-இல் இருக்கிறது. ஜனங்களை அனுப்பிவிட்டு மலைக்குப் போய் இரவில் ஜெபித்ததும் சுவிசேஷங்களில் இருக்கிறது. பேதுரு மத்தியானப் பசியோடு மேல்வீட்டில் ஏறி ஜெபித்தான். பரலோகத்தில் நேரம் பார்த்துக் கதவு திறப்பதில்லை.

வார்டில் ஒன்று செய்யலாம். ஒரு நோயாளியிடமிருந்து இன்னொரு நோயாளியிடம் போகும் முன் கை கழுவ வேண்டும் அல்லவா? சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, தண்ணீர் விட்டு முடிக்க அரை நிமிடமாவது ஆகும். அந்த அரை நிமிடத்தை, இப்போது தொட்டுவிட்டு வந்த நோயாளிக்குக் கொடு. பெயரைச் சொல்லி, "ஆண்டவரே, இந்த அம்மாவுக்கு இரங்கும்" என்றால் போதும். விடிவதற்குள் உன் வார்டு முழுவதும் ஜெபத்தில் வந்துவிடும். டோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாருக்குக் கூட, கைக்குழந்தைகளைக் குளிப்பாட்டி உடுத்துகிற வேலையிலேயே தன் நாட்கள் போகிறதே, இது ஊழியமா என்ற கேள்வி எழுந்தது. சீலையை அரையிலே கட்டிக்கொண்டு சீஷருடைய பாதங்களைக் கழுவிய ஆண்டவரைப் பார்த்து அந்தக் கேள்விக்கு விடை கண்டார்.

வீட்டுக்கு வந்ததும் தூங்கு. முழங்காலில் நிற்காதே, படுத்துக்கொண்டே இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் தூங்கு. எலியா களைத்துப்போய்ச் சூரைச்செடியின்கீழ் விழுந்தபோது, தேவதூதன் அவனை எழுப்பி ஜெபிக்கச் சொல்லவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், திரும்பவும் தூங்க விட்டான்.

உன் வீட்டாருக்கு ஒரு வார்த்தை: காலை 9 மணிக்கு அந்தப் பெண் படுத்தால் டிவியைக் குறையுங்கள்.

*

பஸ்ஸில் நின்றுகொண்டே, கண்ணைக்கூட மூடாமல் ஜெபித்தால் அது ஜெபத்தில் சேர்த்தியா, ஆன்ட்டி?
— கல்லூரி மாணவி, மதுரை

சேர்த்திதான், கண்ணு. அன்னாள் ஜெபித்தபோது உதடு மட்டும்தான் அசைந்தது. ஆசாரியனே அவள் குடித்திருக்கிறாள் என்று தப்பாக நினைத்துக்கொண்டான், ஆண்டவர் சரியாகக் கேட்டார். நெகேமியாவிடம் ராஜா, "நீ கேட்கிற காரியம் என்ன?" என்று கேட்டான். பதில் சொல்வதற்கு முன் நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினான். ராஜா முன்னால் நின்றுகொண்டு கண்ணை மூடியிருக்க முடியுமா? பஸ்ஸில் கண்ணைத் திறந்தே வை. பையும் பத்திரம், நீயும் பத்திரம்.

*

வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். இப்போது நேரத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் முழங்காலில் நின்றதும் மனம் ஊரெல்லாம் சுற்றுகிறது. சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் தினமும் 3 மணி நேரம் ஜெபித்தாராமே. எனக்கு 10 நிமிடம் தாண்டவில்லை.
— வாசகர், தூத்துக்குடி

ஐயா, அந்த 3 மணி நேரத்துக்கு ஆதாரம் இருக்கிறது. 1530-இல் லூத்தரோடு கோபுர்க் கோட்டையில் தங்கியிருந்த வைட் டீட்ரிக் என்பவர் ஒரு கடிதத்தில் எழுதியது அது: வேலைக்கு மிக உகந்த 3 மணி நேரத்தையாவது அவர் தினமும் ஜெபத்துக்குக் கொடுக்கிறார் என்று. அந்த ஜெபத்தின் வல்லமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அப்போது அவர் வீட்டைவிட்டு மாதக்கணக்கில் அந்தக் கோட்டையில் இருந்தார். விட்டன்பெர்க்கில் 4 வயது மகனையும் ஒரு வயது மகளையும் வைத்துக்கொண்டு, தோட்டம் துரவு, வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்த்தவர் அவர் மனைவி கத்தரினா. லூத்தரின் 3 மணி நேரத்தில் அந்த அம்மாவுக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

உங்கள் கேள்விக்கு அதே லூத்தரிடம் இன்னும் நல்ல பதில் இருக்கிறது. அவருக்கு முடிவெட்டுகிற பேத்தர் என்பவர், எப்படி ஜெபிப்பது என்று கேட்டார். லூத்தர் அவருக்காகவே உட்கார்ந்து நீளமாக எழுதி, 1535-இல் அதை அச்சிட்டும் கொடுத்தார். காலையில் முதல் வேலையும் இரவில் கடைசி வேலையும் ஜெபமாக இருக்கட்டும். "கொஞ்சம் பொறு, இந்த வேலையை முடித்துவிட்டு ஜெபிக்கலாம்" என்று சொல்கிற நினைவை நம்பாதே என்கிறார். மனம் அலைவதைப் பற்றி அவருடைய தொழிலை வைத்தே சொல்கிறார்: சவரக் கத்தியைப் பிடித்தவன் பேச்சிலும் வேடிக்கையிலும் மனதை விட்டால் மூக்கையும் கழுத்தையும் அறுத்துவிடுவான், கத்தியில் இருக்கிற கவனம் ஜெபத்திலும் வேண்டும்.

அதற்கு வழியும் சொல்லிக்கொடுக்கிறார். பத்துக் கட்டளைகளில் ஒன்றை எடுத்துக்கொள். இதில் நான் கற்றுக்கொள்வது என்ன? எதற்காக நன்றி சொல்வேன்? எதை அறிக்கைபண்ண வேண்டும்? எதைக் கேட்க வேண்டும்? இந்த நாலு கேள்வியோடு ஒரு கட்டளையில் நின்றால் மனதுக்குப் பிடிமானம் கிடைக்கும். நீங்கள் கணக்குப் புத்தகத்தோடு வாழ்ந்தவர், இந்த முறை உங்களுக்குக் கைவரும். பக்கத்தில் ஒரு தாள் இருக்கட்டும். கரண்ட் பில் கட்டவேண்டும் என்று ஞாபகம் வந்தால் தாளில் எழுதிவிட்டுத் திரும்பி வாருங்கள். யாருடைய முகமாவது நினைவில் வந்தால் அதை விரட்டாதீர்கள், அவருக்காக ஜெபியுங்கள். பத்து நிமிடம் அப்படி நின்றாலே நிறைவாக இருக்கும்.

இன்னொன்று கேட்கட்டுமா? நேரத்துக்குக் குறைவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மகனும் மருமகளும் உங்களோடு இருந்தால், காலையில் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டி, சீருடை மாட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மருமகளிடம், "இந்த நேரம் உனக்கு, நீ வேதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்" என்று சொல்லிவிட்டே கிளம்புங்கள். சொல்லாவிட்டால் அந்த நேரத்தில் அவர் துணி துவைப்பார்.

*

நான் கத்தோலிக்கன். சின்ன வயதில் எங்கள் ஊரில் காலை, நண்பகல், மாலை கோவில் மணி அடித்ததும் அம்மா வேலையை நிறுத்திவிட்டு மூவேளை செபம் சொல்வார். இப்போது நான் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் மணிச் சத்தம் எட்டுவதில்லை. போனில் அலாரம் வைத்துச் செபிப்பது செயற்கையாக இருக்குமோ?
— வாசகர், திருச்சி

தாராளமாக வையுங்கள். மணி என்பதே நேரத்தை ஞாபகப்படுத்த மனிதர் செய்துவைத்த ஏற்பாடுதானே? "அந்தி சந்தி மத்தியான வேளைகளிலும் நான் தியானம்பண்ணி முறையிடுவேன்" என்று 55-ஆம் சங்கீதத்தில் வருகிறது. தானியேல் மூன்று வேளையும் எருசலேமுக்கு நேராகப் பலகணியைத் திறந்துவைத்து முழங்காற்படியிட்டான். உங்கள் அம்மா செய்தது அந்தப் பழைய வழிதான். எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிராமங்களிலும் காலையும் மாலையும் மணி உண்டு. வயலில் நிற்பவர்கள் தலைத்துண்டை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தூக்கத்திலிருந்து எழுப்புகிற அலாரச் சத்தத்தையே இதற்கும் வைக்காதீர்கள், எரிச்சல்தான் வரும். வேறு மெல்லிய சத்தம் போதும். அடித்ததும் அணைத்துவிட்டுத் திரும்ப வேலையில் மூழ்காமல், எழுந்து நில்லுங்கள். நின்றால்தான் உடம்புக்கும் விஷயம் தெரியும். அம்மா இன்னும் ஊரில் இருந்தால் நண்பகலில் அவரும் அதே செபத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

*

அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகிறது. நேரம் இருக்கிறது, வாய்தான் வரவில்லை. வேதத்தைத் திறந்தால் மூடிவிடுகிறேன்.
— வாசகி, கோயம்புத்தூர்

மூடி வை, மகளே. அவசரமில்லை. "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8-இல் இருப்பது உன்னைப்போன்றவர்களுக்காகத்தான். சபையில் உனக்கு நெருக்கமான ஒருவரிடம், "என்னால் முடியவில்லை, எனக்குப் பதிலாக நீ ஜெபி" என்று சொல்லிவிடு. திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கியவர்கள் நாலு பேர். அவன் ஒரு வார்த்தை பேசியதாகச் சுவிசேஷத்தில் இல்லை. இந்த மாதம் முழுக்க என் ஜெபத்தில் நீ இருப்பாய். வாசிக்கிறவர்களும் உன்னைச் சேர்த்துக்கொள்வார்கள்.

*

எங்கள் சபையின் வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் நாளெல்லாம் ஜெப விண்ணப்பங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் "ஆமென்" போட்டு, கைகூப்பும் படம் அனுப்புகிறேன். ஆனால் ஜெபித்தேனா என்று கேட்டால் இல்லை. குழுவிலிருந்து வெளியேறிவிடவா?
— வாசகி, நாகர்கோவில்

வெளியேற வேண்டாம். சத்தத்தை நிறுத்திவைத்துவிட்டு, நாளில் ஒரு நேரம் மட்டும் திறந்து பாருங்கள். வந்ததில் உங்களுக்கு முகம் தெரிந்த மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களை மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். சபை அதற்குத்தான் இருக்கிறது. 1727-இல் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவியச் சபையார் 24 ஆண்களும் 24 பெண்களுமாக நாளின் மணி நேரங்களைப் பங்குபோட்டுக்கொண்டு, இரவும் பகலும் இடைவிடாத ஜெபச் சங்கிலி ஒன்றைத் தொடங்கினார்கள். அது தலைமுறை தாண்டி நின்றது. ஆளுக்கு ஒரு மணி நேரம்தான். முழு நாளையும் ஒருவர் தலையில் கட்டவில்லை.

அந்த மூன்று பேருக்காகவும் பெயர் சொல்லி ஜெபித்த பிறகு "ஆமென்" போடுங்கள். அவர்களில் ஒருவருக்குப் போன் பண்ணி எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பிரசவமாகி வீட்டில் இருக்கிற பெண்ணோ, படுத்த படுக்கையான மாமனாரைப் பார்த்துக்கொள்கிற பெண்ணோ அந்தக் குழுவில் கட்டாயம் ஒருவர் இருப்பார். சாயங்காலம் ஒரு மணி நேரம் அவர் வீட்டில் போய் இருங்கள். பிள்ளையையோ பெரியவரையோ நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் கோயிலுக்குப் போய்விட்டு வரட்டும்.